எண்பதுக்கு எட்டு

சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரர் கொடுத்த தாளில் 2,85,000 ரூபாய் என்று போட்டிருந்தது. வரி தனி. ஒரு செயற்கை கிரிக்கெட் பிட்ச் போட்டுத்தர அவ்வளவு ஆகுமாம். மண் வேலை, கிராவல், கான்கிரீட், செயற்கைப் புல், பசை, வண்டிச் சத்தம், ஆள் கூலி என்று ஏழு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: 'இடம் வாடிக்கையாளருடையது.' அந்த வரிக்கு எதிரே தொகை இல்லை. நான் எழுத வந்தது அந்த வரியைப் பற்றித்தான்.

கிரிக்கெட் தெரியாத வாசகர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் நடுவே 22 கெஜம், அதாவது 66 அடி. பெரிய மைதானங்களில் இந்த இடம் களிமண்ணால் கெட்டிக்கப்பட்டிருக்கும். அதற்கு நல்ல களிமண் வேண்டும், தண்ணீர் வேண்டும், ரோலர் வேண்டும், தினமும் அதன் மேலேயே கண்ணாக இருக்க ஒரு ஆள் வேண்டும். பத்து நாள் விட்டால் வெடித்துவிடும். அதனால் சின்ன கிளப்புகள் சிமெண்ட் தளம் போட்டு அதன்மேல் மேட் விரிப்பார்கள். முன்பு தேங்காய் நார் மேட். இப்போது பச்சையாக ஒரு செயற்கைப் புல் வந்திருக்கிறது. ஒருதரம் போட்டுவிட்டால் பல வருசம் வரும். மழை பெய்தாலும் கொஞ்ச நேரத்தில் ஆடலாம். செலவு ஒருதரம்தான். ஆனால் அந்த ஒருதரச் செலவைச் செய்ய, நாளைக்கும் அந்த இடம் நம்முடையதாக இருக்க வேண்டும். மேட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம். சிமெண்டைச் சுருட்ட முடியாது.

எனக்கு இந்த வேலை புதிதல்ல. 1996இல் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு மாமாவோடு சித்தாள் வேலைக்குப் போனேன். மாமா கொத்தனார். ஒரு டவுனில் (பேர் வேண்டாம்) வக்கீல்கள், டாக்டர்கள், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் ஆடுகிற கிளப் ஒன்று. அங்கே பயிற்சிக்காக சிமெண்ட் பிட்ச் போட்டார்கள். மாமா, இன்னொரு கொத்தனார், ஆறு சித்தாள்கள். நாலு பேர் பெண்கள். எல்லோரும் எங்கள் ஜனம். எனக்குத் தினக்கூலி 45 ரூபாய். நான் ஜல்லி சுமந்தேன், கலவை சுமந்தேன். தளம் போட்ட பிறகு சுற்றிலும் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கி, சாக்கு நனைத்துப் போட்டுக் காத்தேன். உள்ளே ஒரு குழாய் இருந்தது. அதில் கலவைக்குத் தண்ணீர் பிடிக்கலாம். குடிக்க வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போகச் சொன்னார்கள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. எல்லாம் மரியாதையாகவே சொன்னார்கள்.

மேட் விரித்த அன்று மாமா அந்தப் பக்கமாகப் போயிருக்கிறார். ஒரே ஒரு பந்து போடுவதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நின்றிருக்கிறார். அங்கிருந்த பெரிய மனிதர் ஒருவர், "கூலி பாக்கி எதாச்சும் கீதா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், "அப்பறம் இன்னா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமாவுக்குக் கோபம்கூட இல்லை. "நான் போட்ட தளத்துல பந்து எப்பிடி எழும்புதுன்னு எனக்கே தெரியாதுடா" என்றார். சமையலறை கட்டிய கொத்தனார் அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை. கோயில் கட்டியவர்கள் கோயிலுக்குள் போனதில்லை. இது பழைய கதைதான். ஆனால் விளையாட்டு இடத்திலும் அதே கணக்கா என்று அப்போது எனக்குத் தோன்றியது.

விளையாட்டு இடத்தில் அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்ததைவிட ரொம்பப் பழையது. பல்வங்கர் பாலு என்று ஒருவர். 1876இல் பிறந்தவர், சமார் சாதி. புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் அவருக்கு மாசம் 4 ரூபாய் சம்பளம். பிட்ச்சில் ரோலர் இழுப்பது, கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் அவர் வேலை. துரைமார்கள் பேட்டிங் பழக மணிக்கணக்கில் பந்து போடவும் வேண்டும். மட்டையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். மட்டை எஜமானுக்கு, பந்து வேலைக்காரனுக்கு. அப்படிப் போட்டுப் போட்டே இந்தத் தேசத்தின் முதல் பெரிய சுழற்பந்துக்காரர் ஆனார் பாலு. ஜெயிக்க அவர் வேண்டும் என்று இந்து டீம் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். டீ குடிக்கிற நேரத்தில் மட்டும் அவருக்கு வெளியே, தனியாக, குடித்துவிட்டுப் போடுகிற மண் குவளை. 1911இல் இங்கிலாந்து போனபோது நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தார். கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் கிடைத்தது. இதே பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பதும் வரலாறு. அதைப் பற்றித் தனியாகப் பேசவேண்டும். இங்கே எனக்கு வேண்டியது அந்த 4 ரூபாய். பிட்ச்சைப் பராமரிக்க என்ன செலவு என்று அந்தக் கிளப்பில் யாராவது கணக்கு எழுதியிருந்தால், பாலு அதில் ரோலருக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே ஒரு வரியாக இருந்திருப்பார்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். மதுராந்தகம் பக்கம். ஊரும் காலனியும் நடுவே ரோடுமாக, எல்லா ஊரையும் போல ஒரு ஊர். ஊர்ப் பையன்களுக்கு விளையாட ஊர்ப் பொது மைதானம் இருக்கிறது. பொது என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஏரி. மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றியதும் ஏரி உள்வாயில் கருவேல முள்ளை வெட்டி, மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, ஒரு கல் உருளையை இழுத்துப் பிட்ச் செய்வார்கள். பந்து நன்றாக எழும்ப ஆரம்பிக்கிறபோது ஐப்பசி மழை வந்துவிடும். பிட்ச் தண்ணிக்குள்ளே போய்விடும். அடுத்த வருசம் மறுபடி முதலிலிருந்து. என் தலைமுறையும் அப்படித்தான் ஆடியது. எனக்குப் பின்னால் வந்த இரண்டு தலைமுறையும் அப்படித்தான். வருசா வருசம் தண்ணீரில் கரைகிற பிட்ச்சுக்குக் கொட்டின உழைப்பை ஒன்றாகச் சேர்த்தால் சேப்பாக்கம் போல ஒன்று கட்டியிருக்கலாம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

எங்கள் டீமுக்கு அம்பேத்கர் பேர். பொங்கல் போட்டிக்கு ஊரில் நோட்டீஸ் அடிக்கிறபோது அந்தப் பேரைப் போட மாட்டார்கள். 'காலனி டீம்' என்று போடுவார்கள். மற்ற டீம்களுக்கெல்லாம் பேர் இருக்கும். எங்களுக்கு மட்டும் விலாசம். வெளியூர்ப் போட்டிக்குப் போக ஊர் டீமில் ஆள் குறைந்தால் எங்கள் பையன் ஒருவனைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது பந்து போட. பேட்டிங்கில் பதினோராவது ஆளாக இறங்க வேண்டும். பாலு கதையை நான் பையன்களுக்குச் சொன்னபோது ஒருத்தன், "அந்தாளுக்காச்சும் மாசம் நாலு ரூபா குடுத்தாங்களே ணா" என்றான்.

2022இல் பையன்கள் சிமெண்ட் பிட்ச் வேண்டும் என்று கிளம்பினார்கள். பத்தொன்பது பேர். பாதிப்பேர் ஒரகடம், மறைமலைநகர் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் ஆட்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து ஆடுகிறவர்கள். வெளியே போய் ஆடிப்பார்த்ததில் அவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கிறது. மண் பிட்ச்சில் பழகினவன் மேட்டில் தடுமாறுகிறான். மேட்டில் பந்து ஒரே சீராக, உயரமாக எழும்பும். ஏரிமண்ணில் முழங்கால் உயரத்துக்கு மேல் வராது. எங்கள் பையன்கள் கணுக்காலுக்கு வருகிற பந்தை ஆடுவதில் சூரர்கள். மார்புக்கு வருகிற பந்துக்குப் பழக்கமே இல்லை. அது பையன்களின் குறை இல்லை, இடத்தின் குறை.

இடம் எது? ஏரியில் போட முடியாது. புறம்போக்கில் போடலாம் என்றால், போட்ட மறுநாள் அது 'பொது' ஆகிவிடும். கிடைத்தது எங்கள் பெரியம்மாவின் நிலம். இரண்டு ஏக்கர் பத்து சென்ட், பஞ்சமி நிலம்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் எங்கள் ஜனங்களின் நிலைமையை எழுதி அனுப்பிய அறிக்கையையும், அதன்பின் 1892இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று நிலம் ஒதுக்கியதையும் நீங்கள் அறிவீர்கள். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் யார் கைக்குப் போயின என்பதும் தெரிந்ததுதான். காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். எங்கள் மாவட்டத்தில் பஞ்சமி நிலம் என்று சொன்னால் இன்றைக்கும் அந்த ரெண்டு பேர் முகம்தான் முன்னால் வரும். பெரியப்பாவின் நிலமும் ஒரு கைமாற்றுக் கடனுக்காக ஊர்க்காரர் ஒருவர் அனுபவத்தில் முப்பது வருசம் கிடந்தது. மனு, விசாரணை, மேல் மனு என்று அலைந்து 2014இல்தான் மீண்டது. மீண்டதைப் பார்க்கப் பெரியப்பா இல்லை. பட்டா பெரியம்மா பேரில் வந்தது. அதில் பாதிக்கு மேல் சரளைத் தரிசு. அங்கேதான் பிட்ச் போடலாம் என்றார் பெரியம்மா. மீதியில் நெல்லும் மணிலாவும்.

ஒழுங்கான கிரிக்கெட் மைதானத்துக்கு அந்த இடம் பத்தாது. வடக்கே நல்ல நீளம். தெற்கே நாற்பது அடி போனால் வேறொருவர் வரப்பு, ஊர்க்காரர் நிலம். அங்கே பந்து போனால் எடுக்கப் போகிறவன் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் வரவேண்டும். அதனால் பையன்கள் ஒரு சட்டம் போட்டார்கள்: அந்தப் பக்கம் தூக்கி அடித்தால் அவுட். உலகத்தில் வேறெங்கும் சிக்சர். இங்கே அவுட்.

செலவைப் பேசக் கூட்டம் போட்டோம். பெண்கள் குழுவின் தலைவி எனக்குச் சித்தி முறை. பையன்கள் கடனாகப் பதினைந்தாயிரம் கேட்டதும் எழுந்துவிட்டார். "பொணத்தத் தூக்கிகினு போவ வழி இல்ல. மழ பேஞ்சா முட்டிவரைக்கும் சேத்துல எறங்கி எம் மாமியார எடுத்துகினு போனோம். பந்து போட ரோடு போடறீங்களாடா?" யாரும் பேசவில்லை. சித்தி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் சுடுகாட்டுப் பாதை ஊர்க்காரர் கழனி வழியாகப் போகிறது. கடைசியில் ஒரு பையன், "சித்தி, அங்க சிமெண்டு இல்லாம ஒண்ணும் நிக்கல. எடந்தான் இல்ல. வரப்ப வெட்டி வழி உடச் சொல்லி மூணு மனு குடுத்துகிறோம். வழிய உட்டா மறுநாளே நாங்களே ரோடு போட்டுத் தர்றோம். இது நம்ப எடம். நம்ப எடத்துலதான் நம்ம சிமெண்டக் கொட்ட முடியும்" என்றான். பத்தாவது ஃபெயில் அவன். நான் இருபது வருசமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.

சித்தி சமாதானம் ஆகவில்லை. ஆனால் மாமா தரையில் குச்சியால் கோடு போட்டு எண்பது அடி நீளம், எட்டடி அகலம் என்று காட்டியபோது உற்றுப் பார்த்தார். "எண்பதுக்கு எட்டா? மொத்தமும் சிமெண்டா?" என்று கேட்டார். பிறகு, "இது களம்டா" என்றார்.

எங்கள் காலனிக்குக் களம் கிடையாது. ஊர்க் களத்தில் எங்கள் பெண்கள் கூலிக்கு நெல் தூற்றலாம். தங்கள் சொந்த நெல் நாலு மூட்டையைக் காயவைக்க அங்கே இடம் இல்லை. தார் ரோட்டில் கொட்டுவார்கள். லாரி ஏறும், மண் சேரும், போலீஸ்காரர் வந்து ஏசுவார். மணிலாக் கொட்டையும் கேழ்வரகும் அப்படித்தான். 640 சதுர அடி சிமெண்ட் தரையைக் கண்ணால் கற்பனை செய்த அடுத்த நிமிசம் பெண்கள் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முடிவு இப்படி ஆயிற்று. அறுப்புக் காலத்தில் விடியலிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை தளம் பெண்களுக்கு. மூன்றுக்கு மேல் பையன்களுக்கு. மற்ற மாசங்களில் முழுக்கப் பையன்களுக்கு. பதினைந்தாயிரம் வட்டியில்லாமல் தருவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: மேட்டைப் பசை போட்டு ஒட்டக்கூடாது.

கம்பெனிக்காரரிடம் போனில் கேட்டேன். ஒட்டாவிட்டால் மேட் சுருங்கும், மடியும், கேரண்டி தர முடியாது என்றார். மாமாவிடம் கேட்டபோது, "ஆணி அடிச்சிதான முன்ன நார் மேட்ட இழுத்துக் கட்டுவாங்க?" என்றார். அவர் செய்தது இது. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே இரண்டு ஓரத்திலும் நாலடிக்கு ஒன்றாக அரை இஞ்ச் குழாய்த் துண்டுகளைச் செங்குத்தாகப் பதித்தார். மேட்டின் விளிம்பில் ஓட்டை போட்டு வளையம் அடித்தோம். வளையம் வழியாகக் கம்பி முளையைக் குழாய்க்குள் இறக்கினால் மேட் முரசுத் தோல் மாதிரி இழுத்து நிற்கும். முளைகளைப் பிடுங்கினால் பத்து நிமிசத்தில் சுருட்டிவிடலாம். பசை மிச்சம்.

தளம் போட்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் தொகையை மட்டும் எழுதினால் அது கம்பெனித் தாள் ஆகிவிடும். எட்டு அங்குலம் தோண்டினோம். அதில் பாதிக்குக் கிராவல் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தோம். ஏரியில் இழுத்த கல் உருளையை இங்கே கொண்டுவந்து இழுத்தோம். மேல் நாலங்குலம் கான்கிரீட். மட்டம் பார்க்க மாமா தண்ணி ட்யூபு வைத்தார். நீளவாட்டத்தில் இம்மி ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. குறுக்குவாட்டத்தில் மட்டும் மழைத்தண்ணி வழிய ஒரு சிறு சரிவு. எண்பது அடியை ஒரே துண்டாகப் போட்டால் வெயிலில் வெடிக்கும், பிரித்துத்தான் போடவேண்டும். பிரிக்கிற இடத்தில் ஒரு இணைப்பு வரும். பந்து அதில் பட்டால் எங்கேயாவது போகும். மாமா பையன்களைக் கூப்பிட்டு, "பந்து அதிகமா எங்கடா குத்தும்?" என்று கேட்டார். ஒருத்தன் ஸ்டம்பிலிருந்து நடந்து காட்டினான். இருபது அடிக்கும் இருபத்தெட்டு அடிக்கும் நடுவே. ஸ்டம்புக்குப் பின்னால் ஏழடி தளம் வருகிறது. அதையும் சேர்த்து மாமா மனக்கணக்குப் போட்டார். பதினாறு பதினாறு அடியாக அஞ்சு பாத்தி போட்டால் இணைப்பு ஒன்று சரியாக அந்த இடத்தில் விழும். இருபது இருபது அடியாக நாலு பாத்தி போட்டால் எதுவும் விழாது. நாலு பாத்தி போட்டார். கம்பெனிக்காரர் தாளில் இதற்கெல்லாம் வரி இல்லை. 'ஆள் கூலி' என்று இருந்தது.

மேலே வழுவழு என்று தேய்க்கக் கூடாது. இரும்புக் கரண்டி வேண்டாம், மணியாஸ் கட்டையாலேயே முடித்தார். நெல் வழுக்காமல் நிற்பதற்கும் அதுதான் நல்லது என்று பெண்கள் சொன்னார்கள். பிறகு மூன்று வாரம் தண்ணீர் காட்டினோம். பம்ப்செட் ஓடாத நேரத்தில் பெண்கள் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

இனி கணக்கு. சிமெண்ட் 38 மூட்டை, மூட்டை 410 வீதம் 15,580. எம்-சாண்ட் ஒரு யூனிட் 6,000. முக்கால் ஜல்லி இரண்டு யூனிட் 9,000. கிராவல் ஒரு டிப்பர் 4,500. ஜேசிபி இரண்டு மணி நேரம் 2,400. கலவை மெஷின் வாடகை 3,500. பலகை வாடகை 1,200. வெளியிலிருந்து வந்த ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் கூலி 2,000. தளம் மட்டும் 44,180. மேட் வண்டிச் சத்தத்தோடு 35,000. ஆக மொத்தம் 79,180 ரூபாய். வந்தது: பையன்கள் 34,500, அரசு வேலையில் இருக்கிற மூன்று பேர் 21,000, பெண்கள் குழு 15,000, பழைய பரிசுப் பணம் 8,000. இடித்த 680 ரூபாயை ஹார்டுவேர் கடையில் கடன் சொன்னோம்.

கம்பெனித் தொகைக்கும் இதற்கும் இடையே இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். நாங்கள் சிக்கனக்காரர்கள் என்று யாராவது பாராட்டினால் எனக்கு எரிச்சல் வருகிறது. மாமாவுக்குக் கூலி போடவில்லை. பத்தொன்பது பேர் நாலு ஞாயிற்றுக்கிழமை மண் சுமந்ததைப் போடவில்லை. மூன்று வாரம் குடம் தூக்கினதைப் போடவில்லை. பெரியம்மா ஆக்கிப் போட்ட சோற்றைப் போடவில்லை. முப்பது வருசம் ஒரு நிலத்துக்காக நடந்த நடையை எந்த யூனிட்டில் போடுவது? இவையெல்லாம் இலவசமாகக் கிடைத்ததால் எங்கள் பிட்ச் மலிவாக முடிந்தது என்று எழுதினால், புனா கிளப் கணக்கும் என் கணக்கும் ஒன்றாகிவிடும்.

மேட் விரித்த அன்று முதல் பந்தை மாமாவைப் போடச் சொன்னார்கள். அவர் பந்தை வாங்கி, கலவையைச் சுவரில் அடிக்கிற மாதிரி கீழ்க்கையாக வீசினார். பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொருதரம் போடறேன்" என்றார். ஏழெட்டுத் தரம் போட்டிருப்பார்.

பிரச்சினை 2023 தை மாசம் வந்தது. யாரோ மனு கொடுத்திருக்கிறார்கள். பஞ்சமி நிலம் விவசாயத்துக்காகக் கொடுத்தது, அதில் காலனி ஆட்கள் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பி வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள், நிபந்தனை மீறல், ஒப்படையை ரத்து செய்ய வேண்டும் என்று. முப்பது வருசம் அந்த நிபந்தனையை மிதித்து அந்த நிலத்தில் அறுத்துத் தின்றார்களே, அப்போது ஒருவருக்கும் நிபந்தனை ஞாபகம் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் எண்பது அடியில் ஒரு பச்சை மேட்டை விரித்ததும் சட்டம் கண் விழித்துவிட்டது.

வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் தலையாரியோடு காலை பத்து மணிக்கு வந்தார். பையன்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடம். பெரியம்மாவும் இன்னும் ஆறேழு பெண்களும் இருந்திருக்கிறார்கள். தளம் முழுக்க நெல். மேட் சுருட்டி மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. சித்தி காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடந்து கொண்டிருந்தாராம். நடந்ததைச் சாயங்காலம் பெரியம்மா எங்களுக்குச் சொன்னார்.

"இது இன்னாம்மா?"

"களம்ங்க."

"கிரிக்கெட் ஆடறாங்கன்னு மனு வந்திருக்கு."

"களத்துல புள்ளைங்க வெளயாடாதுங்களா? உங்க ஊர்க் களத்துல வெளயாடல?"

அவர் நீளத்தை அடியால் அளந்தாராம். எண்பதுக்கு எட்டு. "களம் இவ்ளோ நீட்டா, குறுக்கலா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பெரியம்மா, "எங்களுக்குக் கெடச்ச எடம் அப்பிடித்தாங்க" என்றிருக்கிறார். ஓரத்தில் இருந்த குழாய்த் துண்டுகளைக் காட்டி இது எதற்கு என்றதற்கு, மழை வந்தால் தார்ப்பாய் கட்ட என்று சித்தி சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை. அந்த வாரம் தூறல் விழுந்தபோது அதில்தான் தார்ப்பாய் கட்டினார்கள்.

அவர் என்ன எழுதிக்கொண்டு போனார் என்று தெரியாமல் இரண்டு மாசம் யாருக்கும் தூக்கம் இல்லை. பையன்களில் சிலர், மேட்டை எடுத்துவிடலாம், நிலம் போய்விட்டால் என்ன செய்வது என்றார்கள். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனுப் போட்டேன். அறிக்கை நகல் வந்தது. சர்வே எண், பரப்பு, பட்டாதாரர் பேர் எல்லாம் எழுதி, கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: மேற்படி புலத்தில் நெல் மற்றும் மணிலா சாகுபடி உள்ளது, 80க்கு 8 அடி அளவில் சிமெண்ட் உலர்களம் ஒன்று உள்ளது, தணிக்கையின்போது அதில் நெல் உலர்த்தப்பட்டிருந்தது.

நகலை வாசித்துக் காட்டினேன். ஹார்டுவேர் கடை 680 ரூபாய் இன்னும் கொடுக்கவில்லை என்று சித்தி ஞாபகப்படுத்தினார். அன்றைக்கு மூன்று மணி தாண்டியும் நெல் வாரி முடியவில்லை. பையன்கள் மேட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்கள். வெளியூர் டீம் ஒன்று வந்து வேப்பமரத்தடியில் காத்திருந்தது. சித்தி அவர்களைப் பார்த்து, "சும்மாதான குந்திகினு கீறீங்க, ஆளுக்கு ஒரு மொறம் எடுங்க" என்றார்.